பெயரன் யார்? குடும்ப வரலாற்றுத் தரவுத்தள மென்பொருள்களின் அடைவு முறையும் தமிழ்ப் பெயரிடு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வரலாற்று ஆய்வில் திரளும் ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் அடைவு செய்யவும் தரவுத்தள மென்பொருள்கள் பயன்படுகின்றன. இம்மென்பொருள்களில் பெரும்பாலானவை, தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப்பெயரை அடைவின் முதல் திறவாகக் கொள்கின்றன. தமிழ்ப் பெயரிடு மரபில் அத்தகைய பெயர் பொதுவழக்கு அன்று. முன்னெழுத்து, பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கம், அறுபதாண்டுச் சுழற்சி ஆகியவை ஒன்றுசேரும்போது, இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழை எளிதில் நேர்கிறது. ஜெட்காம் தரவு வடிவத்தையும் கிராம்ப்ஸ் மென்பொருளையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலைத் திறனாய்கிறது. ஆளை அல்லாமல் ஆவணத்தை அடைவின் அடிப்படை அலகாகக் கொள்வதே தமிழ்க் குடும்ப வரலாற்றுக்குப் பொருந்தும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, அடைவு, தரவுத்தளம், ஜெட்காம், கிராம்ப்ஸ், முன்னெழுத்து, பெயரிடு மரபு.

முன்னுரை

ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவோரிடம் சில ஆண்டுகளுள் பலவகை ஆவணங்கள் சேர்ந்துவிடுகின்றன. கிரயப் பத்திரம், பட்டா நகல், திருமண அழைப்பிதழ், ஞானஸ்நானப் பதிவேட்டின் படி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதகக் குறிப்பு, நீத்தார் நினைவு மலர், முதியோர் வாய்மொழிப் பதிவு எனப் பட்டியல் நீளும். இவற்றைத் தாள் கோப்புகளாக வைத்திருக்கும் வரை, எது எங்கே உள்ளது என்பது தொகுத்தவரின் நினைவை மட்டுமே நம்பியிருக்கும். அவருக்குப் பின் அத்தொகுப்பு பயனற்றுப் போகாதிருக்க வேண்டுமெனில் அடைவு இன்றியமையாதது. தரவுத்தள மென்பொருள்கள் இத்தேவையை நிறைவு செய்ய முன்வருகின்றன.

எனினும், அடைவு என்பது தேடும் வசதி மட்டும் அன்று. எதை முதன்மையாகக் கொள்வது, எதனை எதனோடு சேர்ப்பது, எதை விடுவது என்னும் முடிவுகள் அதனுள் முன்கூட்டியே அடங்கியுள்ளன. ஆய்வாளர் ஒரு புலத்தை நிரப்பும்போது மென்பொருளை வடிவமைத்தவரின் முடிவையும் உடன் ஏற்கிறார். அம்முடிவுகள் தமிழ்ச் சூழலில் எங்கே பொருந்துகின்றன, எங்கே பிழைக்கு வழிகோலுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

குடும்பப்பெயர்ப் புலமும் அதன் விளைவும்

ஜெட்காம் என்பது வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மரபுவழித் தரவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான வடிவம். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை இதனை உருவாக்கி 1984இல் வெளியிட்டது. 5.5.1 பதிப்பின் வரைவு 1999இலும், 7.0 பதிப்பு 2021இலும் வெளிவந்தன. இவ்வடிவத்தில் ஒருவரின் பெயர் ஒரே வரியில் எழுதப்பட்டு, அதனுள் குடும்பப்பெயராகிய பகுதி இரு சாய்கோடுகளுக்கிடையே குறிக்கப்படுகிறது. குடும்பப்பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஜெட்காம் விதிக்கவில்லை. சாய்கோடுகள் இல்லாமலும் பெயரை எழுதலாம். ஆதலின் குறை விதியில் இல்லை. அவ்விதியின்மேல் கட்டப்பட்ட திரைகளிலும் வரிசைமுறைகளிலும் உள்ளது.

2001இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளாகிய கிராம்ப்ஸ் இதற்குத் தக்க சான்று. அதன் ஆட்கள் பட்டியலில், பெயர்கள் குடும்பப்பெயர்வாரியாகத் தொகுத்துக் காட்டப்படுகின்றன. தமிழ்ப் பயனர் ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்ப் புலத்தில் இட்டால், பாட்டனும் மகனும் பெயரனும் தனித்தனித் தொகுதிகளில் சிதறுவர். புலத்தை வெறுமையாக விட்டால், அனைவரும் பெயரற்ற ஒரே தொகுதியில் குவிவர். முதல் வழியில் குடும்பம் தெரியாது. இரண்டாம் வழியில் அடைவே இல்லை. ஒரு பெண் திருமணத்திற்கு முன் தந்தையின் முன்னெழுத்தையும் பின்னர்க் கணவரின் முன்னெழுத்தையும் கொள்ளும்போது, அவர் இரு தொகுதிகளில் இருவராகத் தோன்றவும் கூடும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. சாதிப் பட்டத்தைக் குடும்பப்பெயராக இடுவதே அது. தலைமுறைதோறும் மாறாது தொடரும் சொல் அதுவே என்பதால், மென்பொருளின் பார்வையில் இது மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன்பின் பல குடும்பங்கள் அவற்றைக் கைவிட்டன. அவ்வாறு கைவிட்டவரின் பெயரோடு அப்பட்டத்தை மீண்டும் ஒட்டுவது, அவர் வாழ்வில் எடுத்த ஒரு முடிவை அவருடைய வரலாற்றிலிருந்தே அழிப்பதாகும். பட்டம் ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பின் அது அவ்வாவணத்தின் செய்தி. அதை அந்நிலையில் பதிவது வரலாறு. ஆளின் பெயராக்குவது திணிப்பு.

கிராம்ப்ஸ் இதற்கு ஓரளவு இடம் தருகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு பெயரின் தோற்றம் தந்தைவழிப்பட்டது, இடம்பற்றியது, தொழில்பற்றியது என வகைப்படுத்த அதில் வசதி உண்டு. ஒருவருக்குப் பல மாற்றுப் பெயர்களையும் இடலாம். இருப்பினும் வகைப்படுத்துவதால் மட்டும் தொகுப்புமுறை மாறிவிடுவதில்லை.

முன்னெழுத்தும் பெயரனும்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். மூத்த மகனின் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் தமிழகத்தில் பரவலானது. இவ்வழக்கம் அடைவில் விளைவிக்கும் சிக்கலை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

கருப்பையாவின் மகன் முத்தையா. அவருடைய மகன் கருப்பையா. அவருடைய மகன் முத்தையா. இப்போது பாட்டனும் பெயரனும் ஆகிய இருவருமே 'க. முத்தையா'. இயற்பெயர் மட்டுமன்றித் தந்தை பெயரும் முன்னெழுத்தும் ஒன்றே. ஊரும் ஒன்று, நிலமும் பெரும்பாலும் ஒன்று. பாட்டன் பிறந்தது பிரபவ ஆண்டு, அதாவது 1867. பெயரன் பிறந்ததும் பிரபவ ஆண்டு, அதாவது 1927 எனக் கொண்டால் இருவர் சாதகக் குறிப்பிலும் ஆண்டின் பெயரும் ஒன்றாகிவிடும். அறுபதாண்டு இடைவெளி பாட்டனுக்கும் பெயரனுக்கும் இடையே இயல்பாக அமையக்கூடியதே. ஆதலால் இது அரிதாக நேரும் தற்செயல் என்று ஒதுக்க இயலாது.

மரபுவழி மென்பொருள்களில் இரட்டைப் பதிவுகளைக் கண்டறிந்து ஒன்றிணைக்கப் பரிந்துரைக்கும் வசதி பொதுவாக உண்டு. பெயர், பெற்றோர் பெயர், இடம், காலம் ஆகியவற்றின் ஒப்புமையை நோக்கியே அது பரிந்துரைக்கும். மேற்காட்டிய இருவரின் பதிவுகளில் கிறித்தவ ஆண்டு தெளிவாக இல்லையெனில், ஒப்புமை ஏறத்தாழ முழுமையாகும். பயனர் அதனை ஏற்றால் இரு தலைமுறைகள் மறையும். பாட்டன் வாங்கிய நிலம் பெயரன் பெயரில் ஏறும். பாட்டியும் பெயரனின் மனைவியும் ஒருவரின் இரு மனைவியராவர். ஒன்றிணைத்த பின்னர் எந்தச் செய்தி எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினம். சான்று காட்டாமல் உள்ளிட்ட செய்தியாயின் இயலாததே.

ஆண்டுக்குறிப்பிலும் இதே சிக்கல் உண்டு. ஜெட்காம் 7.0 கிரிகோரியன், ஜூலியன், எபிரேயம், பிரெஞ்சுக் குடியரசு ஆகிய நான்கு நாட்காட்டிகளை நேரடியாக ஏற்கிறது. தமிழ் அறுபதாண்டுப் பெயர்களும், வருவாய் ஆவணங்களில் வரும் பசலி ஆண்டும் அதில் இல்லை. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்பது 1930 சூலையில் தொடங்குவது. ஆனால் 'பிரபவ' என்பதற்கு அத்தகைய ஒற்றை விடை இல்லை. 1867, 1927, 1987 மூன்றும் பொருந்தும். ஆவணத்தில் உள்ள தொடரை அப்படியே காக்கும் புலம் ஜெட்காமில் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் கணித்த ஆண்டை மட்டும் உள்ளிடுபவர், ஓர் ஊகத்தைச் சான்றாக மாற்றிவிடுகிறார்.

எண்முறைக் கோப்புகளும் உறவுமுறைத் திருமணமும்

தாள் கோப்புகளை ஒழுங்குபடுத்தப் பலர் கையாளும் முறை முன்னோர் எண்முறை. தொடக்க ஆளுக்கு 1, தந்தைக்கு 2, தாய்க்கு 3 எனவும், எவருக்கும் அவர் எண்ணின் இருமடங்கு தந்தை, அதனோடு ஒன்று கூட்டியது தாய் எனவும் எண்கள் அமையும். 1590இல் மிகாயேல் ஐட்சிங்கர் கையாண்ட இம்முறையை 1898இல் ஸ்ட்ராடோனிட்ஸ் பரவலாக்கினார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உறை என்று கோப்புகளை அடுக்குவது எளிது.

தமிழ்க் குடும்பங்களில் இவ்வெண்முறை விரைவில் தடுமாறும். தந்தை தம் தாய்மாமன் மகளை மணந்திருப்பின், தந்தையின் தாயும் (5) தாயின் தந்தையும் (6) உடன்பிறந்தோர். அவ்விருவரின் பெற்றோராகிய ஒரே இணையருக்கு 10, 11 என்றும் 12, 13 என்றும் இரட்டை எண்கள் வரும். அக்காள் மகளை மணந்திருப்பின் சிக்கல் மேலும் கூடும். தந்தையின் பெற்றோர் 4, 5; அவர்களே தாயின் தாய்வழிப் பாட்டன் பாட்டியாக 14, 15 ஆவர். அதாவது ஒரே இணையர் இரு வேறு தலைமுறைகளில் இடம்பெறுவர். ஓர் ஆவணத்தை எந்த உறையில் வைப்பது என்னும் ஐயம் அப்போது எழும்.

தரவுத்தளத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. அதில் ஒருவருக்கு ஒரு பதிவு எண் மட்டுமே. அவரை எத்தனை உறவுகளாலும் இணைக்கலாம். எண் உறவைச் சுமப்பதில்லை. ஆகவே உறவு இரட்டிப்பதால் எண் இரட்டிப்பதில்லை. எனவே, இக்கட்டுரையின் திறனாய்வு தரவுத்தளத்திற்கு எதிரானது அன்று. எதற்கு எண் இடுகிறோம் என்பதைப் பற்றியதே.

எழுத்தும் ஒலியும் அகரவரிசையும்

அடைவின் மற்றொரு முகம் தேடுதல். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் குறியீட்டு வரிசை தமிழ் அகரவரிசையோடு முற்றும் ஒத்ததன்று. அதில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் உள்ளன. புள்ளியின் குறியீடு உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் வருகிறது. தமிழ் முறைக்கு உரிய வரிசை விதியைக் கையாளாமல் குறியீட்டு எண்ணை மட்டும் நோக்கும் மென்பொருளில், 'மலர்விழி'க்கு முன் 'மறைமலை'யும், 'கண்ணன்' என்பதற்கு முன் 'கணபதி'யும் வரும். தமிழ் அகராதி முறை இதற்கு நேர்மாறானது. 'பொன்னம்மாள்' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் சேமிக்க இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் சமப்படுத்தாத தேடுபொறி ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும்.

ஒலி ஒப்புமை கொண்டு தேடும் சவுண்டெக்ஸ் முறை, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்து, எஞ்சிய மெய்களை மூன்று எண்களாக்குவது அதன் நெறி. 'ராமசாமி' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆர்-525 எனவும், 'இராமசாமி' ஐ-652 எனவும் அமையும். ஒருவரின் இரு பெயர்வடிவங்கள் அடைவின் இரு மூலைகளில் நிற்கும். 'குழந்தைவேலு' என்பதன் ழகரத்தை இசட் எச் என எழுதினால் கே-253, எல் என எழுதினால் கே-453. ஆங்கிலப் பெயர்களுக்கென எழுந்த நெறி, தமிழில் ஒன்றாக இருப்பவற்றைப் பிரிக்கிறது. முன்னெழுத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது இதற்கு எதிரிடையான இழப்பு நேர்கிறது. 'க.', 'கு.', 'கோ.' மூன்றும் கே என்னும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. தமிழ் முன்னெழுத்து சுமக்கும் உயிரொலி, தந்தை பெயரைக் கண்டறியும் ஒரு தடயம். ஒலிபெயர்ப்பில் அது அழிகிறது.

நேட்டால் கப்பற் பட்டியல்கள் காட்டும் வழி

பெயரை நம்பாத அடைவுக்கு வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911 வரை 152,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. அதனோடு பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, ஜில்லா, வட்டாரம், ஊர், உடலடையாளம் ஆகியன எழுதப்பட்டன. பின்னர் இப்பட்டியல்கள் கணினித் தரவாக்கப்பட்டன.

அவ்வெண் மனிதரைக் கூலியாக எண்ணிய ஆட்சியின் கருவி. அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரைத் தேடும்போது பெயரினும் அவ்வெண்ணே துணைநிற்கிறது. ஏனெனில் பெயர்கள் அங்கு நிலைபெறவில்லை. எழுத்தர் காதில் விழுந்தவாறு அவை எழுதப்பட்டன. 'கவுண்டர்' கோவெண்டர் ஆயிற்று. 'முதலியார்' மூட்லி ஆயிற்று. பல குடும்பங்களில் வந்திறங்கியவரின் தந்தை பெயரோ அவர் பெயரோ பின்வந்தோர் அனைவருக்கும் குடும்பப்பெயராக நிலைத்தது. அதாவது, மென்பொருள் எதிர்பார்க்கும் குடும்பப்பெயர் இம்மக்களுக்குக் குடியேற்ற ஆட்சியின் பதிவேட்டு வழியாகவே வந்து சேர்ந்தது. அப்பெயரை வைத்துப் பின்னோக்கித் தேடினால் தேடல் கப்பலோடு நின்றுவிடும். எண்ணை வைத்துப் பட்டியலின் வரியை அடைந்தால் ஊரும் தந்தையும் தெரியும்.

ஊரைக் கண்டடைவதிலும் ஆவணத்தின் சொல்லைக் காப்பது தேவை. பட்டியலில் 'வட ஆர்க்காடு ஜில்லா' என்றிருக்கும் ஆர்க்காடு, 1989க்குப் பின் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்திலும், பின்னர் வேலூர் மாவட்டத்திலும், 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அமைந்தது. இடங்களை ஒன்றனுள் ஒன்றாக, கால எல்லையோடு அடுக்கும் வசதி கிராம்ப்ஸில் உண்டு. அது தமிழக நிலவியல் வரலாற்றுக்கு மிகவும் பொருந்துகிறது. இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் இடுபவர், எந்தக் காப்பகத்தின் எந்தப் பழைய ஆவணத்தைத் தேட வேண்டும் என்னும் குறிப்பை இழப்பார்.

ஆவணத்தை முதன்மையாகக் கொண்ட அடைவு

சான்றையும் முடிபையும் பிரிக்க வேண்டும் என்னும் கருத்து மரபாய்வுத் துறைக்குப் புதிதன்று. 2000இல் வெளியான ஜென்டெக் தரவு மாதிரி, ஓர் ஆவணத்தில் தோன்றும் ஆளையும் ஆய்வாளர் முடிபாகக் கண்ட ஆளையும் வேறுபடுத்தியது. ஆனால் நடைமுறை மென்பொருள்களில் அது பரவலாக இடம்பெறவில்லை. தமிழ்ச் சூழலுக்கு அவ்வேறுபாடு தவிர்க்க இயலாதது. கீழ்க்காணும் அடைவு முறை அதனை எளிய வடிவில் நடைமுறைப்படுத்தும்.

1. ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு வரிசை எண். மின்படிமத்தின் கோப்புப் பெயரிலும், தாளின் உறையிலும், தரவுத்தளத்திலும் அதே எண். எண்ணில் ஆள்பெயரோ உறவோ சேர்தல் கூடாது.

2. ஆவணத்தில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனி வரி. பெயர், முன்னெழுத்து, பட்டம், உறவுச்சொல் அனைத்தும் எழுதியுள்ளவாறே. 'க. முத்தையா மனைவி' என்று மட்டும் இருப்பின் அதுவும் ஒரு வரியே.

3. காலமும் இடமும் இரு புலங்களில்: ஆவணம் சொல்வது ஒன்று, ஆய்வாளர் கணித்தது மற்றொன்று.

4. 'இவ்வரியில் உள்ளவர் இன்னார்' என்னும் முடிபு தனிப் பட்டியலில், காரணத்தோடு. ஐயம் இருப்பின் இணைக்காமல் விடுதல்.

இம்முறையில் பாட்டன் முத்தையாவும் பெயரன் முத்தையாவும் ஒன்றாகக் கொள்ளப்பட்டாலும், பிழை நான்காம் பட்டியலில் ஒரு வரியில் மட்டுமே நிற்கும். அதை நீக்கினால் ஆவணங்கள் பழைய நிலையில் இருக்கும். பெயர் சொல்லப்படாத மனைவியும் அடைவில் இடம்பெறுவார். பின்னொரு நாள் வேறொரு பத்திரத்தில் அவர் பெயர் கிடைக்கும்போது இணைப்பதற்கு ஓர் இடம் காத்திருக்கும். ஆளை முதன்மையாகக் கொள்ளும் மென்பொருளில் பெயரற்றவருக்குப் பதிவு தொடங்கும் எண்ணமே பயனருக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். ஒன்று, வேலை இரட்டிப்பாகும் என்பது. சில பத்து ஆவணங்கள் மட்டுமே உள்ள தொகுப்புக்கு இது பொருந்தும். அங்கு ஒரு விரிதாளே போதும். ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, தவறான ஓர் இணைப்பைப் பிரிக்கும் உழைப்பு தொடக்க உழைப்பினும் மிகும். மற்றொன்று, வாய்மொழிச் செய்திகளே மிகுந்த குடும்பங்களுக்கு ஆவண அடைவு பொருந்தாது என்பது. சொன்னவர், கேட்டவர், நாள், இடம் ஆகியவற்றோடு பதிவு செய்த வாய்மொழியும் ஓர் ஆவணமே. இரு முதியோர் முரண்பட்டுச் சொல்லும்போது, இரண்டையும் அருகருகே வைத்திருக்க இம்முறையே இடந்தருகிறது.

கிராம்ப்ஸ் போன்ற மென்பொருளைக் கைவிட வேண்டியதில்லை. அதில் மூலம், மேற்கோள், காப்பகம், குறிப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பதிவுகள் உள்ளன. முதல் மூன்று படிகளை விரிதாளில் முடித்து, நான்காம் படியில் உறுதிப்பட்டவற்றை மட்டும் ஆவண எண்ணோடு அங்கு உள்ளிடலாம். குடும்பப்பெயர்ப் புலத்தை, தந்தைவழிப் பெயர் என்னும் குறிப்போடு மட்டுமே நிரப்பலாம்.

முடிவுரை

குடும்ப வரலாற்று மென்பொருள்கள் தரவைப் பேணுவதில் வலியன. உறவுமுறைத் திருமணத்தால் பின்னிய குடும்பங்களைத் தாள் கோப்புகளைவிடச் செம்மையாகக் காட்டுகின்றன. மாறிவரும் இட எல்லைகளையும் ஏற்கின்றன. ஆனால் அவற்றின் பெயரடைவு, தொடர்ந்து வரும் குடும்பப்பெயர் என்னும் ஒரு பண்பாட்டு வழக்கத்தைப் பொது விதியாகக் கொண்டுள்ளது. அதற்கு இணங்கும் தமிழ்ப் பயனர் குடும்பத்தைச் சிதறடிக்கிறார், அல்லது துறக்கப்பட்ட பட்டத்தை மீட்டெடுக்கிறார், அல்லது பாட்டனையும் பெயரனையும் ஒருவராக்குகிறார்.

தமிழ்ப் பெயர் தனித்து நின்று ஆளை அடையாளம் காட்டுவதில்லை. அது தந்தையையும் பாட்டனையும் சுட்டும் உறவுக்குறிப்பு. உறவை அறிந்தவர்க்கே பெயர் விளங்கும்; உறவை அறிவதற்கோ ஆவணங்களை ஒப்பிட வேண்டும். எனவே அடைவு ஆவணத்தில் தொடங்கிப் பெயரில் முடிய வேண்டும். தமிழுக்கென மரபாய்வு மென்பொருள் உருவாக்க முனைவோர், இடைமுகத்தை மொழிபெயர்ப்பதற்கு முன் கருத வேண்டியது இவ்வரிசையையே.